போர்க்கோலம் மீட்டல்: சிலுவை வீரர் கவசமும் மட்டக்களப்புக் கூத்துடுப்பும்

மக்கள் போர் செய்யத் தொடங்கிய காலந்தொட்டே மெய்யைக் காக்கும் வழிகளையும் தேடத் தொடங்கினர். தோல், மரம், பஞ்சு, வெண்கலம், இரும்பு என்பன நாட்டுக்கும் காலத்துக்கும் ஏற்ப அவர்க்கு உதவின. நம் முன்னோர் கவசத்தை ‘மெய்ம்மறை’ என்றனர். பதிற்றுப்பத்துப் பாடிய புலவர், மறவர்க்கு முன்னின்று அவர்களைக் காக்கும் சேர மன்னனை அச்சொல்லாலேயே புகழ்ந்தனர். பாரதக் கதையிலோ கவசம் ஒருவனுடைய உயிரோடு உடன்பிறந்த பொருளாய் வருகின்றது. கர்ணன் தன் உடலோடு ஒட்டியிருந்த கவசத்தை அறுத்து இந்திரனுக்கு ஈந்த பின்னரே அவன் சாவுக்குரியவனாகின்றான்.

பழங்காலக் கவசங்கள் இன்று போருக்குப் பயன்படுவன அல்ல. எனினும் அவற்றை உள்ளவாறே மீள ஆக்கி, அணிந்து, பழைய போர்களை நிகழ்த்திக் காட்டும் முயற்சி மேனாடுகளிற் பெருகியுள்ளது. போலந்து நாட்டிலே 1410ஆம் ஆண்டு நடைபெற்ற குருன்வால்டுப் போரை ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அப்போர்க்களத்திலேயே நிகழ்த்திக் காட்டுகின்றனர். 2010ஆம் ஆண்டு உக்கிரேனிலுள்ள கொற்றின் கோட்டையில் நாடுகளுக்கிடையான கவசப் போர்ப் போட்டியொன்று தொடங்கிற்று. இத்தகையோர் பெரிதும் விரும்பி ஆக்குவனவற்றுள் சிலுவைப் போர் வீரரின் கவசமும் ஒன்று. அதனை உண்மைக்கு மாறின்றி ஆக்குவது எவ்வாறு என்பதை முதலில் விளக்கி, அவ்விளக்கத்தின் ஒளியில் நம் மட்டக்களப்பு நாட்டுக் கூத்தரங்கின் போர்க்கோலத்தை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும். ஒன்று போர்க்களத்துக்குரியது, மற்றையது ஆடுகளத்துக்குரியது. ஆயினும், மறைந்துபோன அல்லது மறைந்துகொண்டிருக்கும் ஒரு கோலத்தை மீட்பவன் எதிர்நோக்கும் வினாக்கள் ஈரிடத்தும் ஒன்றேயாம்.

சிலுவை வீரரின் கவசம்

1095ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் பிரான்சு நாட்டிலே விடுத்த அழைப்பினால் முதலாஞ் சிலுவைப் போர் எழுந்தது. 1099இல் எருசலேம் நகரம் சிலுவை வீரர் கைப்பட்டது. 1187ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் ஹற்றின் என்னுமிடத்திலே சலாதீன் அவர்களை முறியடித்து, அவ்வாண்டிலேயே எருசலேமையும் மீட்டான். 1291இல் ஏக்கர் நகர் வீழ்ந்ததோடு அந்நாட்டில் அவர்தம் ஆட்சி முடிவுற்றது. இவ்விரு நூறாண்டுகளிலும் கவசம் ஒரே வகையாய் இருந்ததில்லை. 1099இல் மதிலேறிய வீரன் கூம்பு வடிவான தலைச்சீராவும், மூக்கை மறைக்கும் இரும்புப் பட்டையும் அணிந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வீரனோ முகம் முழுவதையும் மூடி, கண்ணுக்கு நேரே ஒடுங்கிய பிளவு மட்டும் விட்ட, குடம் போன்ற பெருஞ்சீராவை அணிந்தான். ஆகவே ‘சிலுவை வீரர் கவசம்’ எனப் பொதுப்படக் கூறுதல் பிழை. எந்த ஆண்டு, எந்த நாட்டான், குதிரை வீரனா காலாளா என வரையறுத்த பின்னரே மீட்கும் பணி தொடங்கல் வேண்டும்.

அக்காலக் கவசத்தின் உயிர்நிலை இரும்பு வளையச் சட்டையாகும். சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து அதனைச் செய்வர். ஒவ்வொரு வளையமும் அயலிலுள்ள நான்கு வளையங்களைப் பற்றி நிற்கும். முழங்கால் அளவும் நீண்ட ஒரு சட்டைக்குப் பல்லாயிரக்கணக்கான வளையங்கள் வேண்டும். அதன் நிறை ஏறத்தாழப் பத்து முதற் பதினைந்து கிலோகிராம் வரை இருக்கும். இங்கு உற்று நோக்கற்பாலது வளையத்தின் வாய் மூடப்படும் முறையே. கம்பியை வளைத்து, இரு முனைகளையும் தட்டையாக்கி, ஒன்றன்மேலொன்றை ஏற்றித் துளையிட்டு, சிற்றாணி தறைந்து இறுக்குவதே பழைய முறை. இக்காலத்தார் பலர் தொடக்கத்தில் இதனை விட்டு, வளையத்தின் இரு முனைகளையும் குறட்டினால் நெருக்கி விடுவதோடு அமைந்தனர். தொலைவில் நின்று பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஈட்டி முனை பட்டவுடன் நெருக்கிய வளையம் வாய்பிளந்து விலகும். தறைந்த வளையமோ தாங்கி நிற்கும். திரைப்படக்காரர் சிலர் இதனினும் எளிய வழி கண்டு, நூலாற் பின்னிய சட்டைக்கு வெள்ளி வண்ணம் பூசி வீரர்க்கு அணிவித்தனர். கண்ணுக்கு அதுவும் கவசமே.

வளையச் சட்டை தனித்து நின்று காப்பதன்று. வாளின் வெட்டை அது தடுக்கும். அடியின் அதிர்ச்சியை அது தடுக்காது. எலும்பு முறியாமற் காப்பது அதற்கு உள்ளே அணியும் மெத்தைச் சட்டையே. சணல்நூற் றுணியைப் பல மடிப்பாக அடுக்கியோ, இடையே பஞ்சும் கம்பளியும் திணித்தோ, நெருங்கத் தைத்து அதனை ஆக்குவர். ஐரோப்பியர் அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று, பஞ்சைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய ‘அல்குத்ன்’ என்பதன் அடியாகப் பிறந்தது. பகைவன் நாட்டுப் பஞ்சும் பகைவன் மொழிச் சொல்லும் வீரனின் மார்பை ஒட்டிக் கிடந்தன என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும். 1191ஆம் ஆண்டு அர்சூப் நகரை நோக்கிச் சிலுவைப் படை நடந்த காலத்தில், அதன் காலாட்களின் முதுகிலே பத்து அம்பு வரை தைத்து நிற்க, அவர்கள் அணி குலையாது நடந்து சென்றதைத் தாம் கண்டதாகச் சலாதீனின் வரலாற்றை எழுதிய பகாவுத்தீன் குறித்துள்ளார். தடித்த உட்சட்டையும் வளையச் சட்டையும் ஒருங்கே செய்த வேலை அது.

சான்றும் சோதனையும்

இவற்றையெல்லாம் இன்றுள்ளோர் எங்ஙனம் அறிந்தனர்? இரும்பு நெடுங்காலம் நிலைப்பதன்று. நம் வாவிக்கரையில் உப்புக் காற்றுப் பட்ட இரும்பு ஒரு மாரியிலேயே துருவேறுவதை நாம் அறிவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது என ஐயமின்றிச் சொல்லத்தக்க வளையச் சட்டைகள் கிடைப்பது மிக அரிது. ஆதலின் ஆய்வாளர் பல சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கினர். ஏட்டோவியங்கள் ஒரு வகை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரான்சிலே வரையப்பட்டு, இப்பொழுது நியூயோர்க்கு நகரிலுள்ள மோர்கன் நூலகத்தில் இருக்கும் விவிலிய ஓவிய ஏட்டிலே, கவசத்தை அணிதலும் கழற்றுதலுங்கூடத் தெளிவாய்க் காட்டப்பட்டுள்ளன. கல்லறைச் சிற்பங்கள் மற்றொரு வகை. இலண்டன் மாநகரிலுள்ள தெம்பிள் தேவாலயத்தில் வீரரின் கற்சிலைகள் கவசத்தோடு கிடக்கின்றன. புதைகுழிகள் பிறிதொரு வகை. சுவீடனைச் சேர்ந்த கொத்லாந்துத் தீவில், விசுபி என்னுமிடத்திலே, 1361ஆம் ஆண்டுப் போரில் இறந்தோர் கவசத்தோடு புதைக்கப்பட்ட பெருங்குழிகளை இருபதாம் நூற்றாண்டில் அகழ்ந்தனர். அவர் சிலுவைப் போருக்குப் பிற்பட்டோர். எனினும் வளையப் பின்னல் எலும்புகளோடு ஒட்டிக் கிடந்த அக்காட்சி, ஓவியமும் சிற்பமும் சொல்லாதவற்றைச் சொல்லிற்று.

இச்சான்றுகளுக்கும் அப்பால் ஒரு சான்றுண்டு. அதுதான் அணிந்து பார்த்தல். வளையச் சட்டையை அணிந்தவன் முதலிற் கண்டறிவது அதன் நிறை முழுவதும் தோளில் தொங்குகின்றது என்பதையே. இடையிலே ஒரு கச்சையை இறுக்கிச் சட்டையைச் சிறிது மேலே இழுத்துவிட, நிறையின் ஒரு பகுதி இடுப்புக்கு இறங்குகின்றது, தோள் ஆறுகின்றது. ஓவியங்களிலே கச்சைக்கு மேல் சட்டை சற்றுப் புடைத்திருப்பதன் காரணம் அப்பொழுதே விளங்கும். பெருஞ்சீராவை அணிந்தவன், பக்கத்தே வருபவனைக் காணவும் தன் தலைவன் சொல்லைக் கேட்கவும் இயலாமை உணர்வான். கொடியும் நிறமும் சின்னமும் போர்க்களத்தில் ஏன் இன்றியமையாதன ஆயின என்பதை அவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு, மீள ஆக்கிய பொருள் வெறும் காட்சிப் பொருளாய் நில்லாது ஒரு வினாவாகின்றது. அதனை அணிந்த உடல் விடை கூறுகின்றது.

இங்கு உண்மை என்பது மூன்று நிலையினது என்பது பெறப்படும். முதலாவது தோற்றத்தின் உண்மை: பார்ப்போர்க்குப் பழமைபோற் காணப்படுதல். இரண்டாவது பொருளின் உண்மை: பழையோர் கையாண்ட இரும்பு, துணி, பஞ்சு, தறையாணி என்பவற்றால் ஆக்கப்படுதல். மூன்றாவது தொழிலின் உண்மை: அணிந்தவன் பழையோன்போல் நிற்கவும் நடக்கவும் பொருதவும் இடங்கொடுத்தல். முதலாவதை எய்துதல் எளிது. நூற் சட்டைக்கு வெள்ளி பூசியவனும் அதனை எய்தினான். மூன்றாவதே அரிது. அது இரண்டாவதைப் பற்றியே நிற்கும். மேனாட்டார் இதற்கும் ஓர் எல்லை வகுத்துள்ளனர். அவர் வாளின் கூரை மழுக்குகின்றனர். உயிர்க்கேடு வராமற் கவசத்திற் சில தடிப்புக்களைக் கூட்டுகின்றனர். எங்கே மாற்றினோம் என்பதை மறையாது குறித்து வைப்பவரையே தம்முள் நேர்மையானவர் என மதிக்கின்றனர்.

இத்தொழிலில் நம் அயல் நாட்டுக்கும் பங்குண்டு. 1943ஆம் ஆண்டு தேராதூன் நகரிலே கூர்க்கர் கத்தி செய்யத் தொடங்கிய விண்ட்லசு நிறுவனம், பிற்காலத்திற் பழைய மாதிரி வாள்களையும் கவசங்களையும் செய்து மேனாடுகளுக்கு அனுப்பும் பெரிய நிறுவனமாயிற்று.

வட்டக்களரியிற் போர்க்கோலம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். வாவியின் இருமருங்கும் உள்ள ஊர்களில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்கள் தொன்றுதொட்டு ஆடப்படுகின்றன. சுற்றிலும் மக்கள் இருந்து பார்க்கும் வட்டக்களரியிலே, அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, இராமுழுதும் ஆடி விடியலில் நிறைவுறுவது பழைய முறை. வடமோடிக் கூத்துக்களின் கதைகள் பெரும்பாலும் பாரதத்தையும் இராமாயணத்தையும் தழுவியன. பதினெட்டாம் போர், கர்ணன் போர் என அவற்றின் பெயர்களே போரைச் சொல்லும். தென்மோடியில் அலங்காரரூபன் நாடகம் போன்ற காதலும் வியப்பும் கலந்த கதைகள் மிகுதி.

போர் செய்யும் அரசன் களரிக்கு வரும் கோலத்தை நோக்குவோம். தலையிலே முடி, தோளிலே புயத்தணி, மார்பிலே பதக்கம், இடையிலிருந்து கீழே வட்டமாய் விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, காலிலே சதங்கை, கையிலே வில்லோ தண்டோ வாளோ. முடியும் அணிகளும் பாரங் குறைந்த மரத்திற் செதுக்கப்பட்டு, வண்ணமும் ஒளிரும் தாளும் கண்ணாடித் துண்டும் பதிக்கப்பெற்றவை. பந்த வெளிச்சத்திலே அவை பெற்ற ஒளியை, மின்விளக்கின் கீழே காண்பவர் முழுமையாய் உணர மாட்டார். வடமோடியின் உடுப்பு பாரமானது. தென்மோடியின் உடுப்பு அதனினும் இலேசானது. தென்மோடியின் ஆட்டம் நுணுக்கமும் விரைவும் மிக்கதாதலின் பாரத்தை அது பொறாது. வடமோடியின் ஆட்டம் வீரமும் மிடுக்கும் கொண்டதாதலின் அகன்ற கோலத்தை வேண்டி நிற்கும். எனவே உடுப்பும் ஆட்டமும் வெவ்வேறல்ல; ஒன்றையொன்று வகுத்தன.

கரப்புடுப்பு என்னும் பெயர் தனியே கருதத்தக்கது. வாவியின் ஆழமில்லாத பகுதிகளிலும் குளங்களிலும் மீன் பிடிப்போர், மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற கூடை போன்ற கரப்பைத் தண்ணீரிற் குத்தி, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாயாற் கைவிட்டு எடுப்பர். வீட்டு முற்றத்திற் கோழியைக் கவிழ்த்து மூடுவதும் அதுபோன்ற கரப்பே. வளையங்கட்டி விரித்து, துணியால் மூடி அழகு செய்த அரசனின் உடுப்புக்கு நம் மக்கள் இட்ட பெயர் அதுதான். பாரத நாட்டு மன்னனுக்குப் பட்டும் பீதாம்பரமும் எனப் புலவர் பாடலாம். அவனை நம் ஊரவன் உடுத்தியபோது கைக்கு உதவியது தன் வாவியின் கைத்தொழிலே.

தமிழ்நாட்டிலும் இதற்கு உறவு காணலாம். அங்கே வடபகுதி மாவட்டங்களில் ஆடப்படும் தெருக்கூத்தில், அரசரும் வீரரும் அணியும் மர அணிகளைக் கட்டை என்பர். கல்யாணமுருங்கை போன்ற இலேசான மரத்தினின்று அவை செதுக்கப்படுகின்றன. அக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்னும் பெயரும் இதனால் வழங்குகின்றது. 1990ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் அக்கலைஞர் நிறுவிய சங்கமும் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே பெயர் பெற்றது. கட்டை கட்டியவன் வீரன். கட்டாதவன் ஏனைய பாத்திரம். கவசம் அணிந்தவனுக்கும் அணியாதவனுக்கும் போர்க்களத்தில் உள்ள வேறுபாடு அரங்கிலே இவ்வாறு காட்டப்படுகின்றது.

எதற்கு உண்மையாதல் வேண்டும்?

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மரப் பதக்கமும் கரப்புடுப்பும் வாளைத் தடுப்பனவல்ல. குருக்கேத்திரப் போரில் எவரும் இவ்வாறு உடுத்தார் எனக் கொள்வதற்கும் இடமில்லை. அவ்வாறாயின் இவற்றை ‘உள்ளவாறே’ மீட்டல் என்பதன் பொருள் யாது? பாரதப் போர்வீரனின் மெய்யான கவசத்தை ஆராய்ந்து ஆக்கி, அதனையன்றோ கூத்தனுக்கு அணிவித்தல் வேண்டும் எனச் சிலர் வினவுவர்.

இவ்வினா நேர்மையானதாயினும் குறி தவறியது. மேனாட்டான் சிலுவை வீரனின் கவசத்தை ஆக்குங்கால் அவன் உண்மையாயிருக்க முயல்வது ஒரு காலத்தில் இருந்த போர்வீரனுக்கு. கூத்துடுப்பை ஆக்குபவன் உண்மையாயிருக்க வேண்டுவது குருக்கேத்திரத்து வீரனுக்கன்று. அவ்வீரனைத் தன் களரியிற் பல தலைமுறையாக நிறுத்தி ஆடிய நம் ஊர்க் கூத்தனுக்கே. மூல வரலாறு அங்கே போர், இங்கே ஆட்டம். ஆகவே கர்ணனுக்கு இரும்பு வளையச் சட்டை அணிவித்தால் அது வரலாற்றுண்மை ஆகாது, கூத்துக்குப் பொய்யாகும். கூத்தின் கவசம் அடியைத் தாங்குவதற்கன்று. பாத்திரத்தைத் தாங்குவதற்கே அமைந்தது. ஒடுங்கிய மனிதனை அகன்ற மன்னனாக்கி, தொலைவில் இருப்பவனும் காணுமாறு அவனது ஒவ்வொரு திருப்பத்தையும் பெரிதாக்குவதே அதன் தொழில்.

இதனாலேயே பிறிதோர் இடரும் நமக்குண்டு. 1988 முதல் 1990 வரை இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மகாபாரதத் தொடரும், அதன் பின் வந்த பலவும், அரசர் எவ்வாறு உடுத்தினர் என்பது பற்றி ஒரு பொதுத் தோற்றத்தை மக்கள் மனத்திற் பதித்துவிட்டன. மினுங்கும் துணியும் நெகிழி முடியும் வாடகைக்கு எளிதிற் கிடைக்கும்பொழுது, ஊர்க் கூத்துக்கு உடுப்புத் தேடுவோர் அவற்றை நாடுவது வியப்பன்று. அவ்வுடுப்பு தோற்றத்தில் அரசனுக்குரியதே. ஆயின் முன் கூறிய மூன்றாம் உண்மையை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் இழப்புத் தெரியவரும். வீசாணம், பொடியடி, எட்டு, நாலடி முதலிய ஆட்டக்கூறுகள் வெறும் உடலின் அசைவுகள் அல்ல; உடுப்போடு கூடிய உடலின் அசைவுகள். கரப்புடுப்பு அணிந்து சுழல்பவனைச் சுற்றி உடுப்பு விரிந்தெழுகின்றது; அவன் நின்ற பின்னும் ஒரு கணம் அது சுழன்றே அடங்குகின்றது. அடுத்த அடியை எப்பொழுது வைப்பது என்பதை அந்தக் கணமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. ஒட்டிய துணியோடு ஆடுபவனுக்கு அந்தக் கணம் இல்லை. அவன் விரைவாய் ஆடலாம். ஆனால் வேறோர் ஆட்டத்தை ஆடுகின்றான். வாய் நெருக்கிய வளையம் தறைந்த வளையம்போலத் தோன்றியும் ஈட்டி முன் நில்லாதது இதுவே.

மாற்றமும் மரபும்

எனின், மரபில் எதுவும் மாறலாகாது என்பது நம் கருத்தன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றியபோது, இராமுழுதும் ஆடிய கூத்தை ஒரு சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். வட்டக்களரியினின்று படச்சட்ட மேடைக்கு அதனைக் கொணர்ந்தார். ஒளியையும் ஒப்பனையையும் செப்பஞ் செய்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்ற மரபறிந்தோர் துணைநின்றமையால் அம்மாற்றம் வேரை அறுக்கவில்லை. கற்றோர் பலர் கூத்தை ஒரு கலையென மதிக்கக் கற்றுக்கொண்டது அப்பணியால் ஆயது. பின்னர் பேராசிரியர் சி. மௌனகுரு இவ்வழியை மேலும் வளர்த்ததோடு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து எழுதியுமுள்ளார். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கலாநிதி சி. ஜெயசங்கர் சீலாமுனைக் கிராமத்து மக்களோடு இணைந்து நிகழ்த்திய கூத்து மீளுருவாக்கமோ, கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசெல்லாது, அதன் களரியிலேயே ஊரவரோடு கலந்துரையாடி மாற்றும் வழியை நாடிற்று. வழிகள் வேறாயினும், இவர்கள் எதை மாற்றுகின்றோம் என்பதை அறிந்தே மாற்றினர்.

அறிந்து மாற்றுதலும் அறியாது இழத்தலும் ஒன்றாகா. இதுவே இங்கு நாம் வற்புறுத்தும் கருத்து. பழைய உடுப்பின் அளவும் நிறையும் கட்டுமுறையும் நமக்குத் தெரிந்திருந்து, ஏதோ ஒரு காரணத்தால் அதை விட்டு இலேசானதை மேற்கொண்டால் அது ஒரு தெரிவு. அவை மறந்துபோனபின் கிடைத்ததை உடுத்தினால் அது தெரிவன்று, வறுமை. நீண்ட போராலும் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளாலும் நம் மாவட்டத்தார் பன்முறை வீடு வாசலை விட்டு ஓட நேர்ந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் கூத்துடுப்புப் பெட்டியைத் தேடி எடுத்தல் இயலாது. எடுக்க வேண்டும் என்று எவரும் சொல்லார். முடி செதுக்கிய கையும் கரப்புடுப்புக் கட்டிய கையும் மூப்படைந்து ஓயும்போது, அதனை எழுத்தாற் காப்பதற்கும் வழியில்லை. எழுதப்பட்ட கூத்துப் பிரதி மிஞ்சலாம். கட்டத் தெரிந்த கை மிஞ்சுவது அரிது.

செய்யத்தக்கன

மேனாட்டுக் கவசம் ஆக்குவோரிடமிருந்து நாம் கற்கத்தக்க முறை இங்கே பயன்படும். அவர் பொருள் அழிந்த பின் ஓவியத்தையும் கல்லறையையும் தேடி அலைந்தனர். நமக்கு அத்துணைத் துன்பமில்லை. அணிந்து ஆடியவரும் கட்டியவரும் இன்றும் நம் ஊர்களில் உள்ளனர். எனவே முதற் பணி அளத்தலும் நிறுத்தலுமாகும். ஒரு பழைய முடி கிடைக்குமாயின் அதன் உயரம், சுற்றளவு, நிறை, மரத்தின் பெயர், செதுக்கிய திசை, பதித்த பொருள், தலையோடு பிணைத்த முறை என்பவற்றை வரைபடத்தோடு குறித்தல் வேண்டும். கரப்புடுப்பாயின் வளையங்கள் எத்தனை, ஒன்றுக்கொன்று இடைவெளி எவ்வளவு, எதனாற் கட்டப்பட்டன, இடுப்பில் எவ்வாறு தங்கின என்பன அறியப்படல் வேண்டும். வளையச் சட்டை அணிந்தோன் கச்சையின் பயனைக் கண்டதுபோல, இடுப்பில் நிறை தங்கும் முறையே ஆட்டக்காரனின் முதுகையும் மூச்சையும் இராமுழுதும் காத்திருக்கும்.

இரண்டாவது பணி கேட்டல். பொருளைக் கண்டவர் கூறுவது வேறு. அணிந்து ஆடியவர் கூறுவது வேறு. எந்த இடத்தில் உறுத்திற்று, எவ்வளவு நேரத்தில் வியர்வை துணியைப் பாரமாக்கிற்று, எந்த ஆட்டத்தின்முன் எதை இறுக்கிக் கட்டினர், யார் கட்டிவிட்டனர் என்று கேட்டல் வேண்டும். சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரையுள்ள படிகளில் எந்நாளில் உடுப்போடு ஆடிப் பழகினர் என்பதும் கேட்கத்தக்கதே.

மூன்றாவது பணி ஆக்கி ஆடிப் பார்த்தல். ஓர் உடுப்பேனும் பழைய பொருளால், பழைய முறையால், அறிந்த முதியவர் கண்காணிப்பில் ஆக்கப்படல் வேண்டும். பின்னர் அதனை அணிந்து அதே ஆட்டத்தையும், இலேசான உடுப்பில் அதே ஆட்டத்தையும் ஒருவரே ஆட, இரண்டையும் ஒளிப்படக் கருவியிற் பதிந்து ஒப்பிடல் வேண்டும். நம் கூற்று உண்மையாயின் வேறுபாடு வெளிப்படும்; பொய்யாயின் அதுவும் வெளிப்படும். சோதனைக்கு உட்படாத பெருமை பேச்சளவிலேயே நின்றுவிடும்.

நான்காவதாக, எங்கே பழையதினின்று விலகினோம் என்பதைக் குறித்தல். பழைய மரம் கிடையாது வேறு மரத்தைக் கொண்டால் அதனை எழுதி வைத்தல் வேண்டும். பந்த வெளிச்சத்துக்குப் பதிலாக மின்விளக்கு வைத்தால் அதனையும் எழுதுதல் வேண்டும். பின் வருவோர் நம் மாற்றத்தைப் பழமையென மயங்காதிருத்தற்கு இது ஒன்றே வழி.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுமே என்பார்க்கு விடை கூறல் எளிது. அளத்தற்கும் கேட்டற்கும் வேண்டுவது ஒரு நாடாவும் ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் சிறிது பணிவுமே. கணிதம் கற்கும் மாணவன் சுற்றளவை அளக்கலாம். தாவரவியல் கற்பவன் மரத்தை இனங்காணலாம். சித்திரம் கற்பவன் வரையலாம். தமிழ் கற்பவன் முதியவர் வாய்ச்சொல்லை அவர் சொன்னவாறே எழுதலாம். பௌதிகம் கற்பவனுக்குச் சுழலும் உடுப்பினும் நல்ல பாடம் கிடைப்பதரிது. ஆசிரியரும் பழைய மாணவரும் துணைநிற்பின், ஒரு கல்லூரியின் ஓராண்டு முயற்சியால் ஒரு கூத்தின் கோலம் முழுவதும் குறிக்கப்பெறும்.

பிறிதொரு தடையும் உண்டு. கூத்தாடி வாழ்பவர்க்கு வருவாய் குறைவு. பாரமான உடுப்பை அணிந்து இராமுழுதும் ஆடு என அவரை வற்புறுத்த நமக்கு யாது உரிமை என்று ஒருவர் கேட்கலாம். உரிமை இல்லை என்பதே உண்மை. ஊர்க் கூத்தன் எதை உடுத்தல் வேண்டும் என்பதை ஊரும் அண்ணாவியாரும் அவனுமே தீர்மானிப்பர். கற்றோர் செய்யத்தக்கது, அவர் தீர்மானிக்கும்பொழுது பழைய உடுப்பின் அறிவும் அவர் முன் இருக்குமாறு செய்தல். வாடகை உடுப்பு ஒன்றே வழி என்னும் நிலை நீங்கி, இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரியும் நிலை வருமாயின் அதுவே போதியது.

நம் மாவட்டங்களில் பழங்கதையை நிகழ்த்திக் காட்டும் வழக்கம் கூத்தோடு நின்றுவிடவில்லை. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிற் பாண்டவரின் வனவாசமும் அருச்சுனன் தவமும் தீமிதிப்பும் பதினெட்டு நாள் விழாவாக நிகழ்கின்றன. கந்தசட்டி நாளில் முருகன் கோயில்கள் தோறும் சூரன் போர் நடைபெறுகின்றது. மேனாட்டார் அறுந்த தொடர்பை ஆராய்ச்சியால் ஒட்ட முயல்கின்றனர். நம்மிடையே அத்தொடர்பு இன்னும் முற்றாய் அறவில்லை. ஆதலின் நம் பணி அவர் பணியினும் எளிது. காலமோ அவர்க்குள்ளதினும் குறைவு. எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் ஒரு வளையத்தின் ஆணியை உருப்பெருக்கியால் ஆராய்வோரின் உழைப்பைப் போற்றும் நாம், நம் ஊர் முதியவர் ஒருவரின் கைம்முறையை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் கடமையாகும்.